நார்வே மொழிப்போராளி ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

பள்ளி ஆசிரியர், நாடாளுமன்ற உறுப்பினர், மொழிக்காகப் பாடுபட்டவர். 19ஆம் நூற்றாண்டு நார்வேயில் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது சகஜம். அப்படி ஒருவரைப் பற்றி எழுதுமுன் முதலில் பெயரைச் சரிபாருங்கள். குழப்பம் அங்கேதான் தொடங்கும்.

1923ஆம் ஆண்டுப் பெயர்ச் சட்டத்துக்கு முன் கிராமத்தில் பலருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. லார்ஸின் மகன் ஓலாவ் என்றால் ஓலாவ் லார்சன். அதோடு குடியிருக்கும் பண்ணையின் பெயரும் சேரும். பண்ணை மாறினால் பெயரும் மாறும். எனவே 1865, 1875, 1900, 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அவரையே வெவ்வேறு பெயர்களில் தேட வேண்டியிருக்கும். இவை தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிறந்த ஆண்டு, பிறந்த ஊர், வீட்டாரின் பெயர்கள் மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரே ஆள் என்று கொள்ளுங்கள். தேவாலயப் பதிவேட்டில் பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

எழுத்துக்கூட்டலும் கவனம். அந்தக் காலத்தில் ‘ஓ’ போன்ற ஒலிக்கு இரட்டை ‘ஏ’ (aa) எழுதினார்கள். தலையில் வட்டமிட்ட ‘ஏ’ (å) 1917 சீர்திருத்தத்தில்தான் அதிகாரபூர்வமானது. இரண்டு விதமாகவும் தேடுங்கள். தமிழில் எழுதும்போது, மொழியறிஞர் Ivar Aasen பெயருக்கு ஈவார் ஓசென் என்பதே சரி, ‘ஆசென்’ அல்ல.

மொழியின் பெயரை அந்தந்த ஆண்டுக்கு உரியபடி எழுதுவது மிக முக்கியம். நாட்டுப்புறப் பேச்சு வழக்குகளிலிருந்து ஓசென் உருவாக்கிய எழுத்துமொழிக்கு அன்று லான்ஸ்மோல் என்று பெயர். 1848இல் அவருடைய இலக்கணம், 1850இல் அகராதி. 1885 மே 12 அன்று ஸ்டோர்டிங், அதாவது நாடாளுமன்றம், டேனிய மொழிவழி வந்த வழக்கமான எழுத்துமொழிக்குச் சமமான உரிமையை அதற்குத் தந்தது. 1892 முதல் எந்த மொழியில் பாடம் நடத்துவது என்பதை உள்ளூர்ப் பள்ளிக் குழுவே முடிவுசெய்யலாம் என்றானது. லான்ஸ்மோலுக்கு நீநொர்ஸ்க் என்ற அதிகாரபூர்வப் பெயர் 1929இல்தான் வந்தது. ஆகவே ‘1885இல் நீநொர்ஸ்க்குக்காக வாக்களித்தார்’ என்று எழுதினால் காலம் பிசகிவிடும்.

அரசியல் பகுதியில் வழுக்குமிடம் கட்சிப் பெயர். வென்ஸ்த்ர என்றால் ‘இடது’. 1884இல் தொடங்கிய தாராளவாதக் கட்சி அது. ‘இடதுசாரி’ என்று மொழிபெயர்த்தால் வாசகர் வேறு எதையோ நினைப்பார். பெயரை அப்படியே வைத்து, பக்கத்தில் விளக்கம் கொடுங்கள். அன்று ஸ்டோர்டிங்கின் பதவிக்காலம் மூன்றாண்டு. 1906 தேர்தலுக்கு முன்புவரை மக்கள் தேர்வாளர்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்; அவர்களே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று எழுத வேண்டாம். மாற்று உறுப்பினராக மட்டும் தேர்வானவரை முழு உறுப்பினர் என்று குறிப்பதும் அடிக்கடி நேரும் தவறு.

பள்ளியின் வகையையும் விட்டுவிடாதீர்கள். ஹாமார் ஊரில் 1864இல் தொடங்கிய சாகாதுன் போன்ற மக்கள் உயர்பள்ளிகள் தேர்வு வைக்கவில்லை, பட்டமும் தரவில்லை. அவற்றைக் ‘கல்லூரி’ என்று எழுதாதீர்கள்.