மருத்துவமனையும் லேபும் வரையும்போது சறுக்கும் இடங்கள்

வீடு, ஆபீஸ், அபார்ட்மென்ட் என்று கைபழகிவிட்டு மருத்துவமனைப் பக்கம் வரும் ஆர்க்கிடெக்ட்கள் முதலில் கேட்பது, எத்தனை படுக்கை, எத்தனை சதுர அடி. காற்று எந்தப் பக்கம் போகும், அழுக்குத் துணி எந்த லிஃப்டில் இறங்கும் என்று கேட்பவர் குறைவு. பின்னால் வரும் தலைவலி பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

முதல் தவறு உயரம். ஆபீஸ் பழக்கத்தில் தளத்துக்குத் தளம் மூன்றரை மீட்டர் என்று முடிவுசெய்து கான்கிரீட்டும் போட்டுவிடுவார்கள். பிறகு பீமுக்குக் கீழே ஏசி டக்ட், ஆக்ஸிஜன் குழாய், தீயணைப்புக் குழாய், கேபிள் எல்லாம் ஒன்றையொன்று முட்டும். ஆபரேஷன் தியேட்டரில் விளக்கைத் தொங்கவிடக்கூட உயரம் மிஞ்சாது. நாலேகால், நாலரை மீட்டர் கேட்டால் உரிமையாளர் முகம் சுளிப்பார்தான். அந்தச் சண்டையைத் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும்.

குழாய்க்கும் வெளிச்சத்துக்கும் இடம் யோசிப்பதில் பெரிய கலைஞர்களே தடுமாறியிருக்கிறார்கள். அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி கான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காக 1960 வாக்கில் முடித்த ரிச்சர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தைக் கட்டடக்கலை உலகம் கொண்டாடியது. கெட்ட காற்று வெளியேறச் செங்கல் கோபுரங்களையே எழுப்பியிருந்தார். உள்ளே இருந்த விஞ்ஞானிகளோ வெயில் கூச்சம் தாங்காமல் கண்ணாடியில் அலுமினியத் தாளை ஒட்டினார்கள். மூடாமல் விட்ட குழாய்களில் தூசி படிகிறது என்று புலம்பினார்கள். அடுத்து 1965-இல் கலிபோர்னியாவில் அவர் வரைந்த சால்க் ஆராய்ச்சி நிலையம் எழுந்தபோது, ஒவ்வொரு லேப் தளத்துக்கும் மேலே, குழாய்களுக்கென்றே ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் தனித் தளம் வைத்தார். லேபுக்குள் தூணே கிடையாது. ஆராய்ச்சி மாறினால் மேலே ஏறிக் குழாயை மாற்றிக்கொள்ளலாம். அந்த நிலையத்தின் கடலோர முற்றத்தைப் படமெடுக்கப் போகிறவர்களில் பாதிப் பேராவது இந்தக் குழாய்த் தளத்தை விசாரித்துவிட்டு வரலாம்.

அடுத்தது காற்றழுத்தம். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து காற்றை வெளியே தள்ள வேண்டும். காசநோயாளியின் தனியறைக்குள் வெளியிலிருந்து இழுக்க வேண்டும். புதிதாகக் கட்டும் இத்தகைய தனியறைகளில் மணிக்கு 12 முறையாவது காற்று மாற வேண்டும் என்கிறது அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி. ‘அதெல்லாம் ஏசிக்காரர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடுகிறோம். எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும், கதவிடுக்கும் ஃபால்ஸ் சீலிங்கும் ஒழுகினால் அழுத்தம் நிற்காது. அந்த இடுக்கை வரைந்தது நாம்தான்.

லேபில் நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டியான ஃபியூம் ஹூடைக் கதவருகே வைப்பதும் இதே ரகம். அதன் வாய்க்குள் காற்று விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில்தான் போகிறது. ஆள் நடப்பதே அதைவிட வேகம். பக்கத்தில் ஒருவர் விறுவிறுவென்று கடந்தால் நச்சுப்புகை அவர் பின்னாலேயே வெளியே வரும். அறையின் கடைசியில் வையுங்கள்.

தலைமை மருத்துவரிடம் மட்டும் பேசிவிட்டு வரைவது இன்னொன்று. இடம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது, பெட்பேன் கழுவவும் கழிவுப் பைகளைக் கட்டி வைக்கவும் உள்ள அறைதான். அதை எடுத்துவிட்டால் அந்த வேலை நோயாளியின் கழிவறையில் நடக்கும். நர்ஸும் வார்டு ஆயாவும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அதில் கைவைக்க விடமாட்டார்கள்.

எம்ஆர்ஐ மெஷின் பல டன் எடை. அது உள்ளே வரும் வழியைக் கவனமாக வரைவார்கள். பழசாகி வெளியே போகும் வழியை மறந்துவிடுவார்கள். கழற்றி மாட்டக்கூடிய ஒரு சுவரை அன்றே ஒதுக்கிவிட்டு, அதன் மேல் ஏசி பைப் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.