முதல் கார் வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்: சேமிப்பு முழுவதையும் விலையிலேயே வைத்துவிடாதீர்கள்

நான் வாங்கிய முதல் கார் ஏற்கெனவே 90,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதன் விலை என் சேமிப்புக்குள் கச்சிதமாக அடங்கியது. பெயர் மாற்றி, சாவி வாங்கிய அன்று கையில் மிச்சம் என்று எதுவும் இல்லை. நான்காவது மாதம், சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பும்போது இன்ஜின் சட்டென்று அணைந்தது. மறுபடி சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, விறுவிறுவென்று சுற்றியது. இன்ஜின் பிடிக்கவே இல்லை.

டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. இன்ஜினுக்குள் வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு இணைத்துவைப்பது அந்த ரப்பர் பெல்ட்தான். பல கார்களில் அதை 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்டு அது அறுந்தால், பெரும்பாலான இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும். என் காரில் வால்வுகள் வளைந்துவிட்டன. வால்வுகள் இருக்கிற இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி வேலை பார்க்க ஆன செலவில் அந்த பெல்ட்டைப் பல தடவை மாற்றியிருக்கலாம்.

விற்றவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் சொல்லியிருந்தாலும் பெல்ட் மாற்ற என்னிடம் பணம் இருந்திருக்காது. முதல் கார் வாங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கையில் இருக்கிற தொகை காரின் விலைக்கானது என்று நினைக்காதீர்கள். அது காருக்கும், அதை வைத்து ஓட்டப்போகும் முதல் வருடத்துக்கும் சேர்த்த தொகை.

எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கேட்டால், பழைய காருக்கு நான்கில் ஒரு பங்கு என்பேன். நூறு இருந்தால் எழுபத்தைந்துக்குள் கார் பாருங்கள். பெயர் மாற்றம், வரி, இன்சூரன்ஸ், முதல் சர்வீஸ், நான்கு டயர், ஒரு பேட்டரி, இவ்வளவும் அந்த மீதி இருபத்தைந்தில் இருந்துதான் வர வேண்டும். ஒன்றுமே செலவாகவில்லை என்றால் நல்லது, பணம் உங்களிடமே இருக்கப்போகிறது.

இன்சூரன்ஸைக் கடைசியில் கேட்பது

காரைத் தேர்ந்தெடுத்து, முன்பணமும் கொடுத்த பிறகுதான் பலர் இன்சூரன்ஸ் எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கிறார்கள். பல நாடுகளில் ஓட்டுநரின் வயதும் அனுபவமும் பிரீமியத்தை நிர்ணயிக்கின்றன. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு அது கனமாகவே வரும். அதோடு காரின் இன்ஜின் திறன், உதிரிபாகங்களின் விலை, திருட்டுக்கு எளிதாக உள்ளாகும் மாடலா என்பதும் சேரும். விலையில் ஒரே அளவு இருக்கும் இரண்டு கார்களுக்கு இன்சூரன்ஸ் தொகை வெகுவாக மாறலாம். அதனால் மனதில் இருக்கிற இரண்டு மூன்று மாடல்களுக்கும் முன்கூட்டியே கணக்குக் கேட்டுவிடுங்கள். பிரீமியம் குறையட்டும் என்று வீட்டில் மூத்த ஒருவரை முதன்மை ஓட்டுநராகக் காட்டிவிட்டு, நீங்கள் தினமும் ஓட்டும் வேலை மட்டும் வேண்டாம். விபத்து நடந்தால் இழப்பீடே கிடைக்காமல் போக அது ஒன்று போதும்.

மாதத் தவணையை மட்டும் பார்ப்பது

கடனில் வாங்குபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கடன் தொகை 100 என்று வைத்துக்கொள்வோம், வருட வட்டி 10 சதவீதம். மூன்று வருடத்தில் கட்டி முடித்தால் மொத்தம் சுமார் 116 கட்டுவீர்கள். ஐந்து வருடம் என்றால் 127 சொச்சம். ஏழு வருடம் என்றால் 139க்கு மேல். மாதத் தவணை 3.23இலிருந்து 1.66க்கு இறங்குவதைப் பார்த்து மனம் லேசாகிவிடும். அதே சமயத்தில் வட்டி மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். அந்த ஏழு வருடத்தில் காரின் மதிப்பும் இறங்கிக்கொண்டே போகும். நடுவில் விற்க வேண்டி வந்தால், விற்ற பணம் பாக்கிக் கடனுக்கே போதாமல் போகலாம். "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று விற்பவர் முதலில் கேட்டால், பதில் சொல்லாமல் மொத்த விலையைக் கேளுங்கள்.

புதிதா, பழசா? இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. முதல் வருடத்தில் கீறல் விழும். பார்க்கிங்கில் தூணில் உரசும், ரிவர்ஸ் எடுக்கும்போது பம்பர் இடிக்கும். கை பழகும் காலம் அது. புதுக் காரின் மதிப்பு மிக வேகமாகச் சரிவதும் அந்த முதல் சில வருடங்களில்தான். இரண்டு நஷ்டத்தையும் ஒன்றாகச் சுமக்க வேண்டாம். நான்கிலிருந்து ஆறு வருடம் ஓடிய, சர்வீஸ் ரசீதுகள் ஒழுங்காக இருக்கிற, சாதாரணமான ஒரு மாடல்தான் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். "சாதாரணமான" என்பதை அழுத்திச் சொல்கிறேன். சாலையில் நிறைய ஓடுகிற மாடல் என்றால் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். தயாரிப்பை நிறுத்திவிட்ட அரிய மாடல் மலிவாகக் கிடைக்கும். ஒரு ஹெட்லைட் உடைந்தால் வாரக்கணக்கில் வண்டி நிற்கும்.

பாதுகாப்பில் மிச்சம் பிடிப்பது

பட்ஜெட் இடிக்கும்போது முதலில் வெட்டப்படுவது இதுதான், மனதை உறுத்துவதும் இதுதான். அனுபவம் குறைந்தவருக்குத்தான் இந்த வசதிகள் அதிகம் தேவை. ஏபிஎஸ் இருந்தால் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப முடியும்; சக்கரம் பூட்டிக்கொள்ளாது. இஎஸ்சி என்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், வண்டி பக்கவாட்டில் சறுக்க ஆரம்பித்ததும் தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் கொடுத்து நேராக்கப் பார்க்கும். அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு மாடலிலிருந்து இது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். பழைய கார் பார்க்கிறவர்கள் இந்த மாதிரி வருடங்களைத் தங்கள் நாட்டுக்குத் தெரிந்துவைத்துக்கொண்டால், ஒரு வருடம் முந்தைய கார் எதை இழக்கிறது என்று புரியும்.

நட்சத்திர மதிப்பீட்டைப் பார்க்கும்போது சோதனை நடந்த ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பாவின் கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 1997இலிருந்து கார்களை மோதிச் சோதிக்கிறது; அளவுகோல் அவ்வப்போது கடுமையாகிக்கொண்டே வந்திருக்கிறது. 2005இல் வாங்கிய ஐந்து நட்சத்திரமும் 2020இல் வாங்கிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. இன்னொன்று, ஒரே மாடலில் கீழ் வேரியன்ட்டுக்கு ஏர்பேக் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். நீங்கள் வாங்கப்போகும் அந்த வேரியன்ட்டில் என்னென்ன இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

பெரிய திரை, அலாய் வீல், சன்ரூஃப், இவற்றுக்காக மேல் வேரியன்ட்டுக்குத் தாவுவதை இந்த இடத்தில் யோசித்துப் பாருங்கள்.

சூடான இன்ஜினைப் பார்ப்பது

பழைய கார் பார்க்கப் போனதும் முதல் வேலை பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பது. நிழலில் நிற்கிற வண்டியின் பானெட் சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து ஓடவிட்டிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் தளர்ந்த பேட்டரி, உள்ளே கேட்கும் கடகட சத்தம், எண்ணெய் எரியும் புகை எல்லாம் வெளியே வரும். "நாளை காலை வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனதும் பின்னால் போய் நில்லுங்கள். நீலம் கலந்த புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அளவுக்கு மேல் போகிறது. குளிரில் மெல்லிய வெள்ளை ஆவி வந்து சில நிமிடத்தில் அடங்கினால் பயமில்லை, அது நீராவி. அடங்காமல் கெட்டியாக வந்துகொண்டே இருந்து, லேசான இனிப்பு வாடையும் அடித்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் அதன் உள்ளே இறங்கி எரிகிறது. பெரிய செலவு.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும்; இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாமல் எரிவதைப் பார்க்க எல்லோருக்கும் தெரியும். இன்ஜின் விளக்கு எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள். கோளாறை மறைக்க யாராவது அதைத் துண்டித்திருக்கலாம். கார்களில் ஓபிடி சாக்கெட் ஒன்று இருக்கும்; காரின் கணினி பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் இணைப்பு அது. அமெரிக்காவில் விற்ற கார்களில் 1996இலிருந்தும், ஐரோப்பாவில் புதிய பெட்ரோல் கார்களில் 2001இலிருந்தும் இது கட்டாயம். சின்ன ஸ்கேனர் ஒன்றை மாட்டினால் போனிலேயே கோளாறு எண்களைப் படிக்கலாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். குறைவாக ஓடிய கார் என்று சொல்லி நான்கும் வெவ்வேறு வருடத்து டயராக இருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். தேய்மானம் ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் அலைன்மென்ட்டிலோ சஸ்பென்ஷனிலோ கோளாறு. பல நாடுகளில் டயர் பள்ளத்தின் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர்; ஈரச் சாலையில் பிடிப்பு அதற்கு முன்பே குறைந்துவிடும்.

வெள்ளத்தில் நின்ற கார்களைப் பளபளவென்று துடைத்து விற்பதுண்டு. சீட் உறை, கம்பளம் எல்லாம் புதிதாக மாற்றியிருப்பார்கள். சீட் பெல்ட்டை மட்டும் பிடித்து, கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். எப்போதும் உள்ளே சுருண்டே இருக்கிற அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை தங்கியிருக்கும், முகர்ந்தால் பூஞ்சை வாடையும் தெரியும். கறை தெரிந்தால் பேரமே பேசாமல் கிளம்பிவிடுங்கள். தண்ணீர் புகுந்த மின்கம்பிகள் இன்றைக்கு வேலை செய்து, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கைவிடும்.

ஓடோமீட்டர் 40,000 காட்டுகிறது, ஆனால் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, ஸ்டியரிங் தோல் உரிந்திருக்கிறது என்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். 1981க்குப் பிந்தைய பெரும்பாலான கார்களில் 17 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாள எண் இருக்கும். வண்டியில் பொறித்திருப்பதும் பதிவுச் சான்றில் இருப்பதும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். பழைய கடன் பாக்கி ஏதும் வண்டியின் மேல் இல்லை என்பதற்கும் காகிதம் கேட்டு வாங்குங்கள். மழையிலோ இரவிலோ கார் பார்க்காதீர்கள். இடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்த இடத்தின் வித்தியாசத்தை ஈரமும் இருட்டும் நன்றாக மறைக்கும்.

டெஸ்ட் டிரைவில் காரைக் கவனிக்காமல் இருப்பது

புதிதாக ஓட்டுகிறவருக்கென்றே உள்ள தவறு இது. பக்கத்தில் விற்பவர் உட்கார்ந்திருக்கிறார், வண்டி புதிது, தெரு புதிது. இன்ஜின் அணைந்துவிடக் கூடாதே, எங்கேயும் இடித்துவிடக் கூடாதே என்பதிலேயே கவனம் முழுவதும் போய்விடும். இறங்கிய பிறகு "நன்றாகத்தான் இருந்தது" என்று தோன்றும். உண்மையில் காரை நாம் கவனித்திருக்கவே மாட்டோம்.

அனுபவமுள்ள ஒருவரை அழைத்துப் போங்கள். முதலில் அவர் ஓட்டட்டும். நீங்கள் பின் சீட்டில், பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்காருங்கள். மேடு பள்ளத்தில் டக்கென்ற சத்தம் வருகிறதா, பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கிறதா, மேட்டில் ஏறும்போது இன்ஜின் மட்டும் சீறி வேகம் ஏறாமல் இருக்கிறதா? கடைசியாகச் சொன்னது கிளட்ச் தேய்ந்ததன் அடையாளம். பிறகு நீங்கள் ஓட்டுங்கள், இருபது நிமிடமாவது. கிளட்ச்சை முழுக்க அழுத்தியபோதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களும் வளைவில் ஆளை மறைக்கின்றனவா என்று பாருங்கள். ரிவர்ஸில் ஒரு தடவை பார்க் செய்து பாருங்கள். சுற்றிலும் நன்றாகத் தெரியாத கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் தினம் தினம் கழுத்து வலிதான். ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள், அது கியர் காருக்கும் செல்லுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்; பல நாடுகளில் செல்லாது.

எரிபொருள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தினம் சில கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால், அண்மைக் காலத்து டீசல் கார் வேண்டாம். அதன் புகைக்குழாயில் உள்ள வடிகட்டி நல்ல சூடேறினால்தான் கரியை எரித்துச் சுத்தமாகும். குறுகிய ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். மின்சாரக் கார் என்றால் வீட்டில் சார்ஜ் செய்ய வழி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அதன் பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி தருகின்றன. பழையதாக வாங்கும்போது அதில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று பாருங்கள்.

பிடித்திருக்கிறது, விலையும் படிந்தது என்றாலும் அன்றே பணம் கொடுக்காதீர்கள். "மாலையில் இன்னொருவர் வருகிறார்" என்பதை எல்லா விற்பவரும் சொல்வார். வரட்டும். உங்களுக்குத் தெரிந்த, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, காரைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி, தேவையில்லாத செலவு இல்லை.

வாங்கிய முதல் வாரத்தில் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது; எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் அதையும் மாற்றுங்கள். அப்புறம் உங்கள் இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று கேளுங்கள். பெல்ட் என்றால், மாற்றியதற்கு ரசீது இல்லை என்றால், ஒதுக்கிவைத்த பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். எந்த ரீடிங்கில் மாற்றினார்கள் என்று தேதியோடு எழுதி பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். பின்னால் உங்களிடமிருந்து அந்தக் காரை வாங்க வருகிறவரும் பானெட்டைத் திறந்ததும் அதைத்தான் தேடுவார்.