சைக்யாட்ரி போஸ்டிங்கில் நர்சிங் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

மனநல மருத்துவ வரலாறு என்றாலே ஐந்து மார்க் கேள்வி என்று நினைப்பதுதான் முதல் தவறு. 'மனநோயாளிகளின் சங்கிலியைக் கழற்றியவர் பிரெஞ்சு டாக்டர் பினேல்' என்று எழுதினால் மார்க் விழுந்துவிடும், சரி. ஆனால் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் 1797-ல் சங்கிலிகளைக் கழற்றியவர் டாக்டரே இல்லை. ழான் பாப்டிஸ்ட் புஸ்ஸேன் என்ற வார்டு மேற்பார்வையாளர். கழுத்தில் கட்டி வரும் கண்டமாலை நோயோடு அங்கே சிகிச்சைக்கு வந்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். நோயாளிகளை யாரும் அடிக்கக் கூடாது என்றார். குணமானவர்களையே உதவிக்கு வைத்துக்கொண்டார். பினேல் இவரிடம் பார்த்துக் கற்றதைத்தான் பிறகு சால்பெத்ரியேர் மருத்துவமனையில் செய்தார். பிரெஞ்சுத் தெருப்பெயர்களைத் தினமும் படிக்கிற புதுச்சேரியில்கூட இந்தப் பெயர் யார் வாயிலும் வருவதில்லை என்பது எனக்குத் தீராத குறை. நர்ஸ் வேலை என்று இன்று நாம் சொல்வதை அன்றே செய்தவர் அவர்.

சங்கிலி பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டிப் போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடுக்கிறது. துணியால் கட்டினால் பரவாயில்லையே என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால்தான், அதுவும் மனநல மருத்துவரின் அனுமதியோடு. நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 'நைட் டியூட்டிக்கு ஆள் கம்மி' என்பது காரணமே ஆகாது. சட்டமே அப்படிச் சொல்கிறது.

இ.சி.டி. எனும் ஷாக் ட்ரீட்மென்டையும் மூளை அறுவையையும் ஒரே மூட்டையில் கட்டுவது இன்னொன்று. இ.சி.டி. 1938-ல் ரோமில் மயக்க மருந்து இல்லாமல் தொடங்கியது உண்மை. இன்று மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் கொடுப்பது சட்டப்படி குற்றம். சினிமாவில் பார்த்ததை வைத்து நோயாளியின் அம்மாவைப் பயமுறுத்தாதீர்கள்.

கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் குடும்பங்கள் கோயிலுக்கும் தர்காவுக்கும் போய்விட்டுத்தான் வருவார்கள். "இத்தனை நாள் எங்க போனீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து நோயின் ஹிஸ்டரி வராது.

எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது நோயாளியோடு வாதாடுவது. ஒரு வார்டில் பார்த்தேன். இட்லியில் விஷம் இருக்கிறது என்று ஒரு நோயாளி இரண்டு நாளாகத் தட்டைத் தொடவில்லை. மாணவி ஒரு விள்ளல் பிட்டுத் தானே தின்று காட்டினாள். மறுநாள் அவளும் சந்தேகப் பட்டியலில். "நீயும் அவங்க ஆளுதானே?"

நர்ஸுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவே சிகிச்சைதான் என்று 1952-லேயே ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க நர்ஸ் புத்தகம் வெளியிட்டார். அதே ஆண்டு பாரிஸில் மனநோய்க்குக் கொடுக்க ஆரம்பித்த குளோர்ப்ரோமசைன் மருந்துக்கு ஒரு பக்கம் எழுதும் பிள்ளைகள், இவரை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

அன்று அந்த இட்லி வார்டில் சீனியர் சிஸ்டர் விஷம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிடவே பயமா இருக்கும்போல இருக்கேண்ணே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, உரிக்காத வாழைப்பழம் இரண்டை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார். அந்த நோயாளி தானே உரித்துத் தின்றார்.