திரும்பிப் பார்த்தால் அவுட்: கிரேக்கப் பாதாளத்தில் ஒரு குட்டி கேம்

கிரேக்கப் பாதாளத்தை வைத்து கேம் செய்ய உட்கார்ந்தால், மூன்று தலை நாய் செர்பெரஸ், ஐந்து ஆறுகள், படகுக்காரன் கேரன் என்று எல்லாவற்றையும் ஒரே மேப்பில் திணிக்கத்தான் முதலில் கை பரபரக்கும். வேண்டாம். தனியாளாகச் செய்கிறீர்கள் என்றால் ஒரே ஒரு கதையை எடுங்கள், அதில் இருக்கிற விதிதான் உங்கள் கேம். விதிகளுக்கா பஞ்சம்? கேரனுக்கு ஒரு ஓபோல் காசு கொடுக்காமல் படகேற முடியாது, லீத்தி ஆற்றுத் தண்ணீரைக் குடித்தால் எல்லாம் மறந்துபோகும், பாதாள ராணி பெர்செஃபனி மாதிரி மாதுளை முத்தைத் தின்றுவிட்டால் முழுசாக வெளியே வர முடியாது.

நான் எடுத்தது பாடகன் ஓர்ஃபியூஸ் கதை. பாம்பு கடித்து இறந்த மனைவி யூரிடிஸியை மேலே கூட்டிப் போகலாம், ஆனால் போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது.

கேம் செய்யும் மென்பொருள் கோடாட் இலவசம், அது போதும். மேலிருந்து பார்க்கிற 2டி, ஒரு குகை, ஒரு வாசல். ஓர்ஃபியூஸ் நடக்கிற இடத்தை ஒவ்வொரு ஃபிரேமும் (திரையில் வரும் ஒவ்வொரு படமும்) ஒரு அர்ரேயில், அதாவது ஒரு பட்டியலில் சேர்த்து, 40 ஃபிரேம் பழைய இடத்தில் யூரிடிஸியை வையுங்கள். நகரும்போது மட்டும் சேருங்கள், இல்லாவிட்டால் அவன் நின்றதும் அவள் அவன் மேலேயே வந்து ஏறிவிடுவாள். காயத்தால் அவள் மெதுவாக நடந்தாள் என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதியிருக்கிறார், அதை விடாதீர்கள்: அவன் ஓடினால் அந்த 40 மெல்ல 90 ஆகட்டும், நின்றால் பழையபடி இறங்கட்டும்.

அவளை வரையாதீர்கள், அதாவது அவன் திரும்பும்வரை காட்டாதீர்கள். காலடிச் சத்தம் மட்டும். கோடாட்டில் சத்தம் எழுப்பும் ஆடியோஸ்ட்ரீம்பிளேயர்2டி என்ற நோடை (கேமின் ஒரு உறுப்பு) அவளோடு ஒட்டினால் தூரத்துக்கேற்ப சத்தம் தானாகக் குறையும்.

நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று. அவன் பார்க்கிற திசைக்கு இருபுறமும் 45 டிகிரிக்குள் அவள் வந்தால் அவுட் என்று வைத்திருந்தேன், பாதை யூ மாதிரி வளைந்த இடத்தில் பாவம் யாரும் திரும்பாமலேயே அவள் மறைந்துபோனாள். அரை நாள் புரோகிராமைத் தோண்டினேன், தப்பு மேப்பில். கொண்டை ஊசி வளைவு கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் வெற்றியை அவன் வாசலைத் தாண்டுவதில் வைக்காதீர்கள், அவள் தாண்டுவதில் வையுங்கள். வாசலுக்குச் சற்று முன்னால் காலடிச் சத்தத்தை 2 நொடி நிறுத்திவிட்டு, விளையாடுகிறவரின் விரலைப் பாருங்கள்.