மாதவிடாய் நிற்கும் பருவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதவிடாய் நிற்கும் பருவத்தை நெருங்கும் பெண்கள் ஆலோசனைக்கு வரும்போது, அந்த வயதில் நானும் என் தோழியரும் நம்பிக்கொண்டிருந்தவற்றையே அவர்களும் சொல்லக் கேட்கிறேன். உணவு, உடற்பயிற்சி பற்றி எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

உறக்கம் கெட்ட நிலையில் தன் திறமையை எடைபோடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். கணக்குத் துறையில் உயர்பொறுப்பில் இருந்த 48 வயதுப் பெண் ஒருவர் மூட்டு வலிக்காக வந்தார். வேலையை ராஜினாமா செய்துவிட்டதைப் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். கூட்டத்தின் நடுவில் பல ஆண்டுகளாகப் பழகிய சக ஊழியரின் பெயர் நினைவுக்கு வரவில்லை. ஒரே தொகையை இரண்டு முறை பதிந்திருந்தார். எதையும் மறக்காதவர் என்று பெயரெடுத்த அவர், தன் திறமை தீர்ந்துவிட்டதாகத் தாமே முடிவுகட்டிவிட்டார். இரவுகளைப் பற்றி விசாரித்தபோதுதான், வியர்வையில் நனைந்து பலமுறை விழிப்பதும், தலையணைமேல் துண்டு விரித்துப் படுப்பதும், நடுஇரவில் உடை மாற்றுவதும் வெளிவந்தன. அதுவரை எவரும் அதைக் கேட்டதில்லை. முன்பு பார்த்த மருத்துவர் ‘வயதாகிறது அல்லவா’ என்று அனுப்பிவிட்டாராம்.

இப்பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் அளவு ஒரே சீராகக் குறையாமல் ஏறி இறங்குவதால், மூளையில் உடல் வெப்பத்தைச் சீராக்கும் பகுதி சிறிய மாற்றத்துக்கும் பதறி வியர்வையைக் கொட்டச் செய்கிறது. அதனால் உறக்கம் துண்டுதுண்டாகிறது, மறுநாள் சொற்கள் நழுவுகின்றன. பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், இந்த மறதி பெரும்பாலோருக்குத் தற்காலிகமானதாகவே தெரிகிறது. அந்தப் பெண்ணுக்கு அதிக ரத்தப்போக்கால் ரத்தசோகையும் இருந்தது. சிகிச்சைக்குப் பின் அவர் தேறினார். ஆனால் அவருடைய இடத்தில் வேறொருவர் அமர்ந்துவிட்டார்.

ஆகவே முதலில் உறக்கத்தைச் சரிசெய்யுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் அளவுகளைப் பாருங்கள். மனச்சோர்வு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நடுவயதில் வேலையையோ உறவையோ மாற்ற விரும்புவது தவறில்லை. சில வாரங்கள் நன்றாக உறங்கிய பிறகும் நிலைக்கும் விருப்பத்தையே நான் நம்புவேன்.

நின்றபின் வரும் ரத்தப்போக்கு ‘தானே சரியாகிவிடும்’ என்பது

12 மாதங்கள் மாதவிடாய் வராமலிருந்து, பின்னர் ஒரு துளி ரத்தம் தென்பட்டாலும் பரிசோதனை தேவை. பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும் என்றாலும், கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயின் முதல் அறிகுறி பொதுவாக இதுதான்.

கருத்தடையை உடனே கைவிடுவது

கடைசி மாதவிடாய் 50 வயதுக்கு முன் வந்திருந்தால் 2 ஆண்டுகள், பின் வந்திருந்தால் 1 ஆண்டு தொடருங்கள்.

2002-ஆம் ஆண்டின் அச்சத்தை இன்னும் சுமப்பது

குறையும் ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சை மார்பகப் புற்றுநோயையும் இதய நோயையும் வரவழைக்கும் என்ற பீதி, அவ்வாண்டு அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றிலிருந்து பரவியது. ஆனால் அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63; அதாவது, பலர் மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கடந்தவர்கள். 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்குத் தீமையைவிட நன்மையே மிகுதி. மார்பகப் புற்றுநோயோ ரத்த உறைவோ வந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் மருத்துவரிடம் தனியே பேச வேண்டும்.

தோழியின் ஹார்மோன் மாத்திரையை வாங்கி விழுங்குவது

வேண்டவே வேண்டாம். தோழி கருப்பை அகற்றப்பட்டவராக இருக்கலாம். கருப்பை உள்ளவர், உட்சவ்வைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோனைச் சேர்க்காமல் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் எடுத்தால், உட்சவ்வு தடித்துப் புற்றுநோய் அபாயம் கூடும்.