துவைட்ஸ் பெயரில் ஒரு காட்டுப் பாதை: முதன்முதலாக வெட்டுகிறவர்களுக்கு

மலையகத்தில் தேயிலைக்கு நடுவே, ஓடைக்கரையில் ஒரு துண்டுக் காடு மிஞ்சியிருக்கும் தோட்டங்கள் பல. பாட்டியும் பேரனும் கைகோத்து அரை மணி நேரம் நடக்கிற மாதிரி அங்கே ஒரு பாதை போடலாம். போட்டால் ஜோர்ஜ் துவைட்ஸின் பெயரை வையுங்கள். 1849இல் பேராதனைப் பூங்காவின் பொறுப்பை ஏற்று, ஏறத்தாழ 30 ஆண்டுகள் இந்த மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து, 1882இல் கண்டியிலேயே கண்மூடியவர் அவர்.

முதலில் அனுமதி. தோட்டக் காடு என்றால் நிர்வாகத்திடம், அரசுக் காடு என்றால் வனத் திணைக்களத்திடம். எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் கத்தி எடுக்காமல் இரண்டு மூன்று நாள் சும்மா நடந்து பாருங்கள். விறகுக்குப் போன பழைய தடம் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். புது மரம் எதையும் வெட்ட வேண்டியிராது.

ஏற்றம்தான் முக்கியம். 10 அடிக் கயிற்றின் மேல்முனையைத் தரையில் வைத்து, மறுமுனையைப் பள்ளத்துப் பக்கம் மட்டமாகப் பிடியுங்கள். பாதி தண்ணீர் ஊற்றிய போத்தலைக் கயிற்றோடு படுக்கவைத்துப் பார்த்தால் மட்டம் தெரியும். பள்ளத்து முனைக்கும் தரைக்கும் 1 அடிக்கு மேல் இடைவெளி வந்தால் அந்த வழி வேண்டாம், பாதையை வளைத்து எடுங்கள். முழங்கால் வலிக்காரரும் வருவார்கள்.

அகலம் 3 அடி போதும். மழைநீர் பாதையிலேயே ஓடினால் ஒரே பருவத்தில் மண் போய்விடும். அதனால் அங்கங்கே குறுக்கே சாய்வாகக் கான் வெட்டி விடுங்கள்.

சரி, பலகைகள். காட்டோரத்தில் தானாக முளைத்த கோப்பிச் செடி ஒன்றைத் தேடுங்கள். முதல் பலகை அங்கேதான், பிள்ளைகளின் கண்மட்டத்தில், தமிழிலும் சிங்களத்திலும். இலையைத் திருப்பினால் சிலவற்றில் செம்மஞ்சள் புள்ளிகள் இருக்கும்; தொட்டால் மஞ்சள்தூள் போல விரலில் ஒட்டும். 1869இல் துவைட்ஸ் இந்த நோய் பிடித்த இலைகளைத்தான் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒரு பூஞ்சணம் என்று கண்டு, ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று அங்கே பெயரிட்டார்கள். அந்தத் தூள்தான் இலங்கையின் கோப்பித் தோட்டங்களைச் சாய்த்தது. கோப்பிக்கென்று கூட்டிவரப்பட்ட நம்மவர்கள் கொழுந்துக் கூடை சுமந்ததும் அதனால்தான். இந்தக் கதையை நம் பிள்ளைகள் அந்த இலையைக் கையில் பிடித்தபடி கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

மற்றப் பலகைகளை உங்கள் காட்டில் இருப்பதைப் பார்த்து வையுங்கள். ஈரநாளில் அட்டை ஏறும். பாதைத் தொடக்கத்தில் ஒரு டப்பாவில் உப்பு இருக்கட்டும். கோப்பி இலையைத் தொட்டவர்கள் வீட்டுக் கோப்பிச் செடிப் பக்கம் போகுமுன் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.