புகார்க் கடிதம் போகும் வழி: பள்ளி வன்முறைக் கதைக்குத் திரைக்கதை எழுதும் முறை

பள்ளிக்கூடப் பையன்கள், சீண்டல், பழி, அரிவாள் என்று ஒரு கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வெட்டு விழும் காட்சியில் இருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அதைத் தள்ளி வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளில், அடிபடுகிற பையன் கொடுக்கும் புகார் எந்த வழியாக யார் யார் காதுக்குப் போகிறது என்று முதலில் வரைந்துகொள்ளுங்கள். அவன் வாயை மூடிக்கொண்டிருக்கும்வரை நடப்பது தினசரித் தொல்லை. வாயைத் திறந்த பிறகுதான் உயிருக்கு ஆபத்து. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது அதுதான். உடன் படித்தவர்களின் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர், பள்ளியில் கேட்டபோது நடந்ததைச் சொன்னார். புகார் போன சூடு ஆறுவதற்குள் தொந்தரவு கொடுத்தவர்கள் அவர் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

ஆகவே கதையின் முதுகெலும்பு அந்தப் புகார்க் கடிதம். இரண்டு மணி நேரப் படத்துக்கு ஏறத்தாழ 120 பக்கம் எழுதுகிறீர்கள் என்றால், புகார் 35-ஆம் பக்கத்தை ஒட்டி வரட்டும். வெட்டு 55-ஐத் தாண்ட வேண்டாம். வெட்டைக் கடைசிக்குத் தள்ளினால் படம் முழுக்க அதற்கான காத்திருப்பாகிவிடும். பார்ப்பவர் 'எப்போது அடிப்பான்' என்றே உட்கார்ந்திருப்பார். பாதியிலேயே முடித்துவிட்டால், வெட்டியவனையும் வெட்டுப்பட்டவனையும் வைத்துக்கொண்டு மீதி 65 பக்கத்தை நீங்கள் உண்மையாக எழுதியே ஆக வேண்டும்.

கடிதத்தை நெருக்கத்தில் காட்டுங்கள். கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள், ஓரம் பிசிறாக. தமிழ்ப் பாடத்தில் படித்த மாதிரியே அனுப்புநர், பெறுநர், பொருள், 'மதிப்பிற்குரிய ஐயா'. பொருளில் 'என்னை அடிப்பது தொடர்பாக' என்று எழுதி, 'அடிப்பது' அடிக்கப்பட்டு 'தொந்தரவு' என்று திருத்தப்பட்டிருக்கிறது. பையன் பயத்தில் தானே குறைத்து எழுதுகிறான் என்பதை இந்த ஒரு அடித்தல் சொல்லிவிடும். அப்புறம் அந்தத் தாளின் பயணம்: வகுப்பாசிரியர் மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். எச்.எம். மேசையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் விரித்தபடி கிடக்கிறது. வருகைப் பதிவேடு எடுக்க வந்த மாணவன் கண்ணில் படுகிறது. மூன்றாவது பீரியடு முடிவதற்குள் வகுப்புக்கே தெரிந்துவிடுகிறது. இதில் யாருமே கெட்டவர் இல்லை. கெட்ட ஆசிரியர் ஒருவரை நுழைத்துக் காரணத்தை அவர் தலையில் கட்டுவதுதான் இந்த இடத்தில் எழுத்தாளர்கள் செய்யும் முதல் தவறு.

இரண்டாவது தவறு, சமாதானக் காட்சியை நல்ல காட்சியாக எழுதுவது. இரு தரப்பையும் எச்.எம். அறைக்கு அழைத்துக் கைகுலுக்க வைப்பது பள்ளிகளில் நடக்கிற காரியம். ஆனால் சீண்டுகிறவனுக்கும் சீண்டப்படுகிறவனுக்கும் பலம் சமமில்லாதபோது, ஒரே மேசை முன் நிறுத்துவது சீண்டப்படுகிறவனைக் காட்டிக்கொடுப்பதாகத்தான் முடியும். காட்சியை இப்படி முடிக்கலாம்:

"கை குடுங்கல ரெண்டு பேரும். படிக்கிற பிள்ளைங்க மாதிரி இருங்க."
"சரிங்க சார்."
(வராண்டாவில், தோளில் கை போட்டபடி) "எழுத்து நல்லா இருக்குல உனக்கு."

இதற்கு மேல் ஒரு மிரட்டல் வசனமும் வேண்டாம்.

வகுப்பை எழுதுவது

சீண்டலைச் சாதாரணச் சண்டையிலிருந்து பிரிக்க, நார்வேயின் டான் ஓல்வேயஸ் வகுத்த மூன்று அளவுகோல்கள் இன்றும் உதவும்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. மூன்றும் திரையில் தெரிய வேண்டும். ஒரே ஒரு பெரிய அவமானக் காட்சி வைத்தால் 'திரும்பத் திரும்ப' காணாமல் போய்விடும். அதைவிட, ஒரே சின்னச் செயலை நான்கு இடத்தில் வையுங்கள். சீண்டுகிறவன் பையனின் சாப்பாட்டு டப்பாவை வாங்கித் திறந்து பார்த்துவிட்டுத் தருகிறான். முதல் தடவை சிரிக்கிறார்கள். இரண்டாவது தடவை மூடியைத் தரவில்லை. மூன்றாவது தடவை அவன் கேட்கும் முன்பே பையனே டப்பாவை நீட்டுகிறான். நான்காவது தடவை டப்பாவே கொண்டுவரவில்லை. அம்மாவிடம் பசியில்லை என்கிறான். இந்த நான்குக்கும் சேர்த்து மூன்று நிமிடம் போதும்.

பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவரது குழுவும் 1996-இல் வகுப்பில் ஆறு பாத்திரங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: சீண்டுபவர், கூட நின்று உதவுபவர், சிரித்து உசுப்பேற்றுபவர், ஒதுங்கிக்கொள்பவர், காப்பாற்ற வருபவர், பாதிக்கப்படுபவர். நாற்பது பேர் வகுப்பில் குறைந்தது ஏழெட்டுப் பேருக்காவது பெயரும் இருக்கையும் கொடுத்து, எந்தக் காட்சியில் யார் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறார் என்று குறித்து வையுங்கள். ஒரே பையன் மாறிக்கொண்டே இருக்கலாம். ஜூனில் ஒதுங்கி நின்றவன் ஆகஸ்டில் சிரிக்கிறான். வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போடும் ஒரு சிரிப்பு எமோஜிதான் அந்த மாற்றம். கதையில் எனக்கு முக்கியமானவர் உசுப்பேற்றுபவர். பார்வையாளர்களில் பலர் பள்ளியில் இருந்த இடம் அதுதான். அவர்கள் தங்களைக் கண்டுகொள்ளும் முகம் அது.

இடத்துக்குத் தகுந்த அடையாளத்தை வையுங்கள். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற சாதி அடையாளங்களுக்குப் பள்ளியில் தடை, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் நீக்கம் ஆகியவை அதன் பரிந்துரைகளில் உண்டு. தென் மாவட்டத்தில் கதை நடக்கிறது என்றால் கலை இயக்குநர் அந்த அறிக்கையைப் படித்தே ஆக வேண்டும். சாதியைத் தொடாமல் அங்கே பள்ளி வன்முறையை எழுதுவது பொய். அதே கயிற்றைக் கொண்டுபோய்ச் சென்னை சி.பி.எஸ்.இ. பள்ளிக் கதையில் கட்டினாலும் பொய்தான். அங்கே கைபேசி, காலணி, ஆங்கிலம், எந்த வண்டியில் வந்து இறங்குகிறான் என்று அளவுகோல் வேறு.

வெட்டும் அதற்குப் பிறகும்

வன்முறைக் காட்சி இருபது வினாடிக்கு மேல் போகக் கூடாது. ஸ்லோ மோஷன் வேண்டாம், பின்னணி இசை வேண்டாம். அடிபட்டவனே திருப்பி அடிக்கிற கதையாக இருந்தால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. அரங்கு கைதட்டக் காத்திருக்கும். ஒரு பிஜிஎம் போட்டுவிட்டால் அதுவரை எழுதியதெல்லாம் வீண். பதினாறு வயதுப் பையன் அதை ரீல்ஸாக வெட்டிப் போட முடியாதபடி எடுங்கள். வெட்டுகிறவன் முகத்தை விட்டுவிட்டுச் சுவரில் சாத்தியிருக்கும் சைக்கிளையும், பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தத்தையும் பிடியுங்கள். ஆயுதம் எங்கே வாங்கினான், எப்படி மறைத்துக் கொண்டுவந்தான் என்ற விவரம் கதைக்கு ஒரு பயனும் தராது.

காயத்தைச் சரியாக எழுதுங்கள். தடுக்கக் கையைத் தூக்குகிறவனுக்கு முன்கையிலும் உள்ளங்கையிலும்தான் வெட்டு விழும். தசைநார் அறுந்தால் தைத்துச் சேர்ப்பார்கள், வாரக்கணக்கில் கை கட்டில் இருக்கும், அதன் பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி. படங்களில் அடுத்த காட்சியிலேயே பையன் பேனா பிடிக்கிறான். நிஜத்தில் அவன் பொதுத்தேர்வுக்குச் சொல்வதை எழுதும் உதவியாளரைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இரண்டாம் பாதிக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

அரசு மருத்துவமனையில் முதலில் உருவாகும் ஆவணம் விபத்துப் பதிவேடு, எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்பார்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், தெரிந்த நபர்களா தெரியாத நபர்களா, எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று பணியில் இருக்கும் மருத்துவர் ஓரிரு வரியில் எழுதுவார். பதறிக்கொண்டு வந்த சித்தப்பா 'மூணு பேரு' என்று சொல்லி, பிறகு போலீஸ் வாக்குமூலத்தில் ஐந்து பேர் என்று வந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடிப்பது அந்த ஒற்றை வரியைத்தான். இந்தக் காட்சியை 108 வண்டி வந்து நின்ற உடனே வையுங்கள். ஓரமாக, யாரும் கவனிக்காத மாதிரி.

சட்டம்: மூன்று பையன், மூன்று பாதை

இங்கேதான் நம் திரைக்கதைகள் அதிகம் சறுக்குகின்றன. வெட்டியவர்கள் மூன்று பேர் என்று வையுங்கள். ஒருவனுக்கு 15, இன்னொருவனுக்கு 17, மூன்றாமவனுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். சம்பவம் நடந்த நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. மூன்றாமவன் பெரியவன்; கைது, ரிமாண்டு, சிறை என்று வழக்கமான பாதை. மற்ற இருவரும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வருவார்கள். அவர்களை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது, விசாரிக்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் ஜட்டியோடு உட்கார வைத்து அடிக்கும் காட்சி எழுதுகிறீர்களா? எழுதுங்கள், ஆனால் அது சட்டமீறல் என்று கதையில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். அதிலிருந்து இன்னொரு கிளைக்கதை பிறக்கும்.

குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண். உயர்ந்த மேடை கிடையாது, கூண்டு கிடையாது. எல்லோரும் ஒரே தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். 'குற்றவாளி', 'கைது' போன்ற சொற்களையே தவிர்க்கச் சொல்கிறது சட்டம். நீதிமன்றக் காட்சிக்குப் பழகிய கண்ணுக்கு இந்த அறை சப்பென்று இருக்கும். அந்தச் சப்பைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டு எழுதிய சமூக விசாரணை அறிக்கையை அந்த அறையில் வாசிக்கும்போது, சத்தமில்லாததே பயமுறுத்தும்.

இனி முடிச்சு. வெட்டுப்பட்டவர் இறந்துவிட்டால் அது கொலை. குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டுக்கு மேல் என்பதால் 'கொடிய குற்றம்' என்ற வகையில் வரும். 16 முடிந்தவன் மீது முதல்நிலை மதிப்பீடு நடக்கும். அவனுடைய மன, உடல் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் தன்மை, சம்பவச் சூழல் ஆகியவற்றைப் பார்த்து, மூன்று மாதத்துக்குள் முடித்து, பெரியவனைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அப்போதும் மரண தண்டனையோ விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுளோ கிடையாது. வெட்டுப்பட்டவர் பிழைத்துக்கொண்டால் அது கொலை முயற்சி. அந்தப் பிரிவில் ஏழாண்டு என்ற குறைந்தபட்சத் தண்டனை இல்லை. அத்தகைய குற்றம் 'கொடிய' வகையில் சேராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 திருத்தமும் அதை உறுதி செய்தது. அதாவது ஐ.சி.யு. வாசலில் நிற்கும் வெட்டியவனின் அப்பாவுக்கு, உள்ளே கிடக்கும் பையன் பிழைப்பதில் சட்டபூர்வமான ஒரு பிரார்த்தனை இருக்கிறது. 15 வயதுப் பையனுக்கு எந்த நிலையிலும் அதிகபட்சம் மூன்றாண்டு சிறப்பு இல்லம். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேரும்போது கணக்கு மாறக்கூடும். அந்தக் காட்சியை வழக்கறிஞர் ஒருவர் படிக்காமல் படமாக்காதீர்கள்.

வயதுச் சான்றில் பள்ளிச் சான்றிதழுக்கும் மெட்ரிக் சான்றிதழுக்கும்தான் முதலிடம். அது இல்லாவிட்டால் உள்ளாட்சிப் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால் எலும்புப் பரிசோதனை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பத்தவில்லை என்று தாத்தா கூட்டிப் போட்ட பிறந்த தேதி, பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு பையனைப் பெரியவனாக்கிவிடும்.

உண்மைச் சம்பவத்தைத் தழுவினால், சிறாரின் பெயர், பள்ளி, முகவரி எதுவும் அடையாளம் தெரியும்படி வரக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு மீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. குடும்பத்தின் தொழில், ஊர், உடன்பிறந்தோர் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

படப்பிடிப்பும் சான்றிதழும்

14 வயதுக்குட்பட்டவர்கள் நடித்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரம், இடைவெளி இல்லாமல் மூன்று மணி நேரம் என்பதே உச்சவரம்பு. சம்பளத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வைப்புநிதியாகப் போக வேண்டும். அடிவாங்கும் பாத்திரத்துக்கும் அடிக்கும் பாத்திரத்துக்கும் பதினெட்டு தாண்டியவர்களைப் போடுவதே நல்லது. தணிக்கையில் இப்போது யு.ஏ. சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. சிறார் வன்முறை தேவையின்றிக் காட்டப்படுகிறதா என்று பார்ப்பது வழிகாட்டு நெறியிலேயே உண்டு. மேலே சொன்ன இருபது வினாடிக் கணக்கு அங்கேயும் கைகொடுக்கும்.

கடைசிக் காட்சிக்குத் தீர்ப்பு நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு வருடம் தள்ளிப் போங்கள். பேருந்து நிலையத்தில் வெட்டுப்பட்டவன் வலது கையால் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கிறான். மோதிர விரல் மடங்காததால் இரண்டு ரூபாய் நாணயம் கீழே விழுகிறது. வகுப்பில் சிரித்து உசுப்பேற்றியவன் குனிந்து எடுத்துக் கொடுக்கிறான். யார் முதலில் பேசுவது என்று எழுதாமல் விட்டு, அதை அந்த இரண்டு நடிகர்களிடம் ஒத்திகையில் கேளுங்கள்.